மற்றவை

பெர்க்மான்ஸ் இறந்த பதினோராம் நாள்
அவர் கோப்பு என் மேசைக்கு வந்தது.
ரிக்கர், இரண்டாம் ஷிப்ட்,
ஊர் பெரியதாழை, சோஹாரில் பதினாறு வருடம்.
மாதாமாதம் பிடித்த ஓய்வூதியப் பணம்
ரியாலும் பைசாவுமாய்ச் சேர்ந்து கிடந்தது.

நாமினி: அந்தோணியம்மாள். தாய். நூறு சதவீதம்.
வந்திறங்கிய அன்றே எழுதியிருக்கிறார்,
தூக்கம் கலையாத கோணல் கையெழுத்து.

அதற்கு மேலே நான்காவது தாள்
அவசர விடுப்பு விண்ணப்பம்.
காரணம்: தாயார் மரணம்.
ஏழு நாள். ஒப்புதல் முத்திரை.
முத்திரைமேல் சாய்ந்திருக்கும் சுருக்கொப்பம்
என்னுடையது.

ஒரே கம்பியில் கோத்த இரண்டு தாள்கள்
எட்டு வருடம் ஒன்றோடொன்று பேசவில்லை.
நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

ஜெபக்கனி தினமும் கூப்பிடுகிறார்.
அழுவதில்லை. கையில் பேனா வைத்திருக்கிறார்.
"தாலுகா ஆபீஸ்ல அத்தையோட
இறப்புச் சர்டிபிகேட்டு கேக்காவ மேடம்.
அதுல அந்தோணியம்மான்னு இருக்கு,
ஒங்கள்ல ள் ஒண்ணு கூடுது.
அந்த ஒரு எழுத்துக்கு
ஒரு மாசம் ஆவும்னு சொல்லுதாவ."

மறுவாரம் கேன்டீனில் மேசை போட்டேன்.
நியமனதாரர் விவரம் புதுப்பித்தல்
என்று தமிழில் எழுதி ஒட்டினேன்.
தட்டோடு கடந்து போனார்கள்.
கிழித்துவிட்டு,
நீங்க செத்தா காசு யாருக்கு
என்று ஒட்டினேன்.
வரிசை கை கழுவும் இடம்வரை நின்றது.

கிரேன் ஓட்டும் நஜ்முதீன்
"எனக்கில்லாத அவசரம் ஒங்களுக்கு ஏன்?" என்றார்.
வெல்டர் பழனியாண்டி குனிந்து
"அண்ணன் பேர எடுத்தா அவருக்குத் தெரியுமா?"
தெரியாது என்றேன்.
"எனக்குத் தெரியுமே" என்று
படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.
ஒரு பையன், மூன்று மகள்களின் தகப்பன்,
ஆளுக்கு முப்பத்து மூன்று போட்டுவிட்டு
மிச்சம் ஒன்றை என்ன செய்வதென்று
பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றான்.

வியாழன் மாலை. ஏசி மட்டும் சொட்டுகிறது.
என் எண்ணைத் தட்டிப் பார்த்தேன்.
கணவர். நூறு சதவீதம்.

பாஸ்போர்ட்டில் அவன் பேரை எடுத்தேன்.
வங்கியில் எடுத்தேன்.
திருநெல்வேலி கோர்ட்டில் எடுத்த எடுப்புக்கு
இரண்டு வளையல் போயிற்று.
இங்கே மட்டும் ஐந்து வருடமாய்
நான் செத்தால் அவன் பணக்காரன்.

ஃபலஜ் அல் கபாயிலில்
என் அறையின் மறு கட்டில் சுபான்பீயுடையது.
ராயச்சோட்டிக்காரி. கிளினிக்கில் துணி வெளுப்பவள்.
கொரோனா வந்தபோது எனக்கு அறையை விட்டுவிட்டு
பதினான்கு இரவு நடைபாதையில் பாய் விரித்து
கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து
"தின்னாவா? தின்னாவா?" என்று
தெலுங்கில் கேட்டுக்கொண்டே இருந்தவள்.

உறவுமுறை என்ற கட்டத்தை அழுத்தினேன்.
கணவர், மனைவி, தாய், தந்தை,
மகன், மகள், உடன்பிறந்தார் என்று இறங்கி
அடியில், பட்டியலைத் தாங்கிக்கொண்டு,
மற்றவை.

ஆட்களுக்காகத் தமிழாக்கியது நான்தான்.
ஸ்டோரில் கணக்கெடுக்கும்போது
துருப்பிடித்த ஆணிக்கும் ஓடாத விசிறிக்கும் பிறகு
கடைசி வரியில் எழுதுகிற சொல்லை
யோசிக்காமல் போட்டிருக்கிறேன்.
இத்தனை பேர் படித்தார்கள்,
ஒருவரும் கேட்கவில்லை.

கேன்டீனுக்குப் போய், ஒட்டிய தாளில்
வையை அடித்து வர் என்று எழுதினேன்.
திரும்பி வந்து சுபான்பீக்குப் போன் செய்து
பாஸ்போர்ட் எண்ணும் முழுப்பெயரும்
எழுத்தெழுத்தாகச் சொல் என்றேன்.
எதற்கென்றாள்.
ஆபீஸில் கேட்கிறார்கள் என்றேன்.
எண்ணைச் சொன்னாள், இரண்டு முறை.
பிறகு, தின்னாவா என்றாள்.

வெளியே கடைசி பஸ் ஹார்ன் அடிக்கிறது.
நூறு என்று போட்டுச் சேமித்தேன்.

ஜெபக்கனியின் ள்
இன்னும் வந்து சேரவில்லை.